டெஸ்ட் டியூப்பை வெச்சுட்டு தெருவுக்கு வாங்க... லேப் பட்டதாரிகளுக்கு பப்ளிக் ஹெல்த் காட்டும் வழி!

முதல்லயே ஒரு விஷயத்தைச் சொல்லிடுவோம். இது அருவி கொட்டுற குற்றாலம் இல்லீங்க. மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவுல, காவிரிக்கரையில, சுத்தி வயலா இருக்கிற குத்தாலம்.

நீங்கள் இந்த ஊர்ப் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். மைக்ரோபயாலஜியோ பயோடெக்னாலஜியோ எம்.எஸ்ஸி வரை படித்தாயிற்று. ஆறு மாத புராஜெக்ட்டில் பி.சி.ஆர், எலைசா எல்லாம் கைக்கு வந்துவிட்டது. அடுத்து என்ன? சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் ஒரு கம்பெனி லேபில் சேர வேண்டும், இல்லையென்றால் பிஹெச்.டி. இந்த இரண்டு கதவுகள்தான் கண்ணுக்குத் தெரிகின்றன.

ஐப்பசி அடைமழையில் ஊருக்கு வருகிறீர்கள். தெருவில் நாலு வீட்டில் காய்ச்சல். அம்மா கேட்கிறார்: ``நீ கிருமி படிப்புதானே படிச்ச... இது என்ன காய்ச்சல்? ஏன் நம்ம தெருவுல மட்டும் வருது?''

முதல் கேள்விக்குப் பதில் தேட உங்களுக்குத் தெரியும். ரத்தம் எடுக்கலாம், டெஸ்ட் பண்ணலாம். இரண்டாவது கேள்விக்கு? எந்த பாடப்புத்தகத்திலும் பதில் இல்லை. அந்த இரண்டாவது கேள்விதான் பப்ளிக் ஹெல்த். தமிழில் பொது சுகாதாரம். லேபில் இருந்து அங்கே போவதற்கு, செலவு குறைந்த, பயமில்லாத பாலம் ஒன்று இருக்கிறது. அதுதான் இன்டர்ன்ஷிப். அது எப்படி என்று பார்ப்போம் வாங்க.

`நெகட்டிவ்'னு வந்தா நோய் இல்லைன்னு அர்த்தமா?

டெல்டாவுக்கு நன்றாகத் தெரிந்த எலிக்காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். லெப்டோஸ்பைரா என்ற கிருமி எலி, மாடு, நாய் போன்றவற்றின் சிறுநீர் வழியாகத் தண்ணீரிலும் சேற்றிலும் கலக்கும். நடவுக்கும் களை எடுக்கவும் வெறுங்காலோடு இறங்குபவர்களின் காலில் சின்ன வெடிப்போ கீறலோ இருந்தால் போதும், உள்ளே நுழைந்துவிடும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பது... இவை முக்கியமான அறிகுறிகள்.

இப்போது லேபுக்கு ஒரு ரத்த மாதிரி வருகிறது. ஐ.ஜி.எம் எலைசா போடுகிறீர்கள். நெகட்டிவ். ரிப்போர்ட்டில் அப்படியே எழுதி அனுப்புகிறீர்கள். உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை.

ஆனால், அந்த ரத்தம் காய்ச்சல் தொடங்கிய இரண்டாவது நாளே எடுக்கப்பட்டிருந்தால்? உடம்பு அந்த எதிர்ப்புப் புரதத்தை, டெஸ்ட்டில் பிடிபடும் அளவுக்கு உருவாக்கப் பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள்கள் ஆகும். ஆக, கிருமி உள்ளே இருந்துகொண்டே ரிசல்ட் நெகட்டிவாக வரலாம். இதைக் கண்டுபிடிக்க புது மெஷின் வேண்டாம். ``காய்ச்சல் என்னிக்கு ஆரம்பிச்சுது?'' என்று ஒரு கேள்வி போதும். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் லேப் இல்லை; வீட்டுத் திண்ணை.

லேப் படித்தவர் களத்துக்குப் போனால் என்ன லாபம் என்பது இப்போது புரிகிறதா? டெஸ்ட்டின் எல்லை எது என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்த எல்லைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதைக் களம் சொல்லிக்கொடுக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம். அதனால்தான் அதற்கு மதிப்பு.

எஸ், பி, எல்... மூணு எழுத்துல ஒரு நாடு

இந்தியாவில் எங்கே எந்த நோய் தலைதூக்குகிறது என்று கண்காணிக்க 2004-ல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. ஐ.டி.எஸ்.பி என்று சொல்வார்கள். ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம். இதன் முதுகெலும்பே மூன்று படிவங்கள்தான்.

எஸ் படிவம்: கிராமத்தில் இருக்கும் சுகாதாரப் பணியாளர் நிரப்புவது. `இந்த வாரம் இத்தனை பேருக்குக் காய்ச்சல், இத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு' என்று அறிகுறியை மட்டும் வைத்துச் சொல்வது.

பி படிவம்: டாக்டர் பார்த்து, `இது டெங்குவாக இருக்கலாம், டைபாய்டாக இருக்கலாம்' என்று சந்தேகிப்பது.

எல் படிவம்: லேப் உறுதி செய்வது.

2021-ல் இருந்து இதெல்லாம் டிஜிட்டலுக்கு மாறி, ஐ.ஹெச்.ஐ.பி என்ற தளத்தில் பதிவாகிறது. ஆனால் தத்துவம் அதேதான். படிப்பு முழுக்க நீங்கள் இருந்தது `எல்' என்ற ஒரே எழுத்தில். அந்த எழுத்துக்கு முன்னால் இன்னும் இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. லேபுக்கு மாதிரி வந்த ஒருவருக்குப் பின்னால், டாக்டரிடம் மட்டும் போனவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கும் பின்னால், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நடவுக்குப் போய்விட்டவர்கள் இருப்பார்கள். லேப் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், இந்த மூன்றாவது ஆள் உலகத்திலேயே இல்லை. இன்டர்ன்ஷிப்பில் நீங்கள் முதலில் சந்திக்கப்போவது அவரைத்தான்.

வேலூர்ல ஒரு லேப் கதவைத் திறந்தப்போ...

`லேப்காரர்கள் தெருவுக்குப் போய் என்ன சாதித்துவிட முடியும்?' என்று கேட்பவர்களுக்கு நம்ம தமிழ்நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. டாக்டர் ககன்தீப் காங். வேலூர் சி.எம்.சி-யில் பணியாற்றிய மைக்ரோபயாலஜி நிபுணர். அவருடைய லேப் ஆராய்ந்தது, குழந்தைகளைக் கடுமையான வயிற்றுப்போக்கில் தள்ளும் ரோட்டா வைரஸை.

லேபுக்கு வரும் மாதிரிகளோடு அவர் குழு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. வேலூரின் நெருக்கமான குடியிருப்புகளில் குழந்தைகளைப் பிறந்த நாளில் இருந்து பின்தொடர்ந்தார்கள். களப்பணியாளர்கள் வாரத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கே போய் விசாரித்தார்கள். 373 குழந்தைகள், மூன்று வயது வரை. முடிவுகள் 2011-ல் வெளியாயின.

அதில் என்ன தெரிந்தது? மெக்ஸிகோவில் முன்பு நடந்த இதே போன்ற ஆய்வில், இரண்டு முறை தொற்று வந்துபோன குழந்தைக்கு அதன் பிறகு கடுமையான வயிற்றுப்போக்கு வரவே இல்லை. வேலூரில் கதை வேறு. மூன்று முறை தொற்று வந்த பிறகும், மிதமான, கடுமையான பாதிப்புக்கு எதிராக 79 சதவிகிதப் பாதுகாப்புதான் கிடைத்தது. வைரஸ் வகையறா ஒன்றுதான். ஆனால், குழந்தை வாழும் இடம் மாறினால் கணக்கும் மாறுகிறது. வேறொரு நாட்டு எண்ணை இங்கே அப்படியே ஒட்டவைக்க முடியாது என்பதை, மைக்ரோஸ்கோப் சொல்லவில்லை. வாரம் இருமுறை வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் சொன்னார்கள்.

இந்தியாவிலேயே உருவான ரோட்டாவேக் தடுப்பூசிக்கான பெரிய பரிசோதனை டெல்லி, புனே, வேலூர் என மூன்று இடங்களில் நடந்தது. 2016-ல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து சேர்ந்தது. தமிழ்நாட்டுக்கு 2017-ல் வந்தது. இன்று குத்தாலத்தில் பச்சிளம் குழந்தையின் வாயில் விடப்படும் அந்தச் சொட்டுகளுக்குப் பின்னால் லேபும் இருக்கிறது, தெருவும் இருக்கிறது. 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெலோவாகத் தேர்வான முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி ஆனார் ககன்தீப் காங்.

இது நம்ம பக்கத்து ஊர் கதை

வேலூர் தூரமா? சரி, ரயிலேறி கும்பகோணத்துக்கே போவோம். யானைக்கால் நோய்க்குப் பேர்போன ஊராக ஒருகாலத்தில் இருந்தது அது. அங்கே மருத்துவராக இருந்தவர் எம்.கே. சாம்பசிவன். அறுவை சிகிச்சை நிபுணர். வீங்கிய காலோடு வருபவர்களுக்கு வைத்தியம் பார்த்தோமா, போனோமா என்று இருந்திருக்கலாம். அவரோ ஊர் மக்களைத் திரட்டி, கொசு உற்பத்தியாகும் இடங்களை ஒழிக்கும் வேலையில் இறங்கினார். `முடியாது என்பது மனதில்தான் இருக்கிறது' என்பதை அப்பாவிடம்தான் கற்றேன் என்று அவர் மகன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்த மகன், 1925-ல் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன்.

பேத்தி டாக்டர் சௌம்யா சுவாமிநாதன். குழந்தைகள் நல மருத்துவம் படித்து, 1992-ல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் சேர்ந்தார். 2015-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் தலைமை இயக்குநர். 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானி. கும்பகோணத்துச் சாக்கடையில் தொடங்கிய அக்கறை ஜெனீவா வரை போயிருக்கிறது.

அந்தச் சென்னை காசநோய் மையமும் சாதாரண இடம் இல்லை. 1956-ல் தொடங்கப்பட்டது. காசநோயாளிகளைத் தனி விடுதியில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டும் என்று உலகம் நம்பிய காலத்தில், வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று 1959-ல் காட்டியது. நெருக்கடியான வீட்டில், கஷ்ட ஜீவனத்தில் இருந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு. உலகம் முழுக்க காசநோய் சிகிச்சையின் போக்கையே அது மாற்றியது.

சரி, இன்டர்ன்ஷிப்புல என்னதான் செய்வோம்?

வெள்ளை கோட் கிடையாது. வெயில், தொப்பி, தண்ணீர் பாட்டில், நோட்டு. பெரும்பாலும் இந்த நாலு வேலைகள்தான்.

1. கொசுப்புழு கணக்கு. டெங்கு சீஸனில் வீடு வீடாகப் போய் தொட்டி, டயர், ஃப்ரிட்ஜ் பின்னால் உள்ள தட்டு என எல்லாவற்றையும் பார்ப்பார்கள். நீங்களும் போவீர்கள். உதாரணமாக, 100 வீடு பார்த்ததில் 8 வீட்டில் புழு இருந்தால், வீட்டுக் குறியீடு 8. அந்த வீடுகளில் புழு இருந்த பாத்திரங்கள் 13 என்றால், ப்ரெட்டோ குறியீடு 13. மொத்தம் பார்த்த 260 பாத்திரங்களில் 13 என்றால், பாத்திரக் குறியீடு 5 சதவிகிதம். எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஆனால், எந்தத் தெருவுக்கு நாளைக்கு முதலில் ஆள் அனுப்புவது என்பதை இதுதான் முடிவு செய்கிறது. ஏடிஸ் கொசு, முட்டையில் இருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். `வாரம் ஒருமுறை தொட்டியைக் காயவைங்க' என்று சொல்வதன் அர்த்தமும் அன்றுதான் உறைக்கும்.

2. பெயர்ப் பட்டியல். ஆங்கிலத்தில் `லைன் லிஸ்ட்' என்பார்கள். ஓர் ஆளுக்கு ஒரு வரி. வயது, தெரு, காய்ச்சல் தொடங்கிய தேதி, குடிக்கும் தண்ணீர் எது, என்ன வேலை. முப்பது வரி சேர்ந்ததும் தேதி வாரியாக ஒரு படம் போடுங்கள். ஒரே நாளில் குப்பென்று ஏறி இறங்கினால், எல்லோரும் ஒரே இடத்தில் இருந்து வாங்கியிருக்கலாம். கல்யாணச் சாப்பாடோ, உடைந்த குடிநீர்க் குழாயோ. மெதுவாக ஏறிக்கொண்டே போனால், ஒருவரிடம் இருந்து ஒருவருக்குப் பரவுகிறதோ என்று யோசிக்க வேண்டும். டெஸ்ட் ரிசல்ட் வருவதற்கு முன்பே ஒரு துப்பு கையில்.

3. கேட்கக் கற்றுக்கொள்வது. லேப்காரர்கள் தடுமாறுவது இங்கேதான். ``உங்களுக்கு டயரியா இருந்துச்சா?'' என்று கேட்டால், ``அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா'' என்பார் அப்பத்தா. ``வயித்தால போச்சா ஆத்தா? ஒரு நாளைக்கு எத்தனை தடவ?'' என்று கேட்டால்தான், ``ஆமாய்யா, நேத்து அஞ்சாறு தடவ'' என்று பதில் வரும். 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் வயிற்றுப்போக்கு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அந்த வரையறையை அப்பத்தாவின் பேச்சுக்குக் கொண்டுவருவது உங்கள் திறமை. இங்கே பிறந்து வளர்ந்த உங்களுக்கு இது இயல்பாக வரும். வெளியூரில் இருந்து வருபவர் மாதக்கணக்கில் கற்க வேண்டியது.

4. கூடவே நடப்பது. கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர், அங்கன்வாடிப் பணியாளர், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கும் அக்காக்கள். இவர்களுக்குத் தெரியாத வீடு இல்லை. உங்கள் டிகிரியைப் பையில் போட்டுவிட்டு ஒரு வாரம் இவர்கள் பின்னால் நடங்கள். எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் அது.

எங்கே போய்க் கேட்பது?

ரொம்பத் தூரம் யோசிக்க வேண்டாம். முதல் படி உங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே வட்டார மருத்துவ அலுவலரைப் பாருங்கள். அனுமதி மாவட்ட சுகாதார அலுவலகத்தில் இருந்து வர வேண்டியிருக்கலாம். கல்லூரியில் இருந்து கடிதம் இருந்தால் வேலை சுலபம்.

அடுத்து, ஐ.சி.எம்.ஆர் நிறுவனங்கள். சென்னை அயப்பாக்கத்தில் 1999-ல் உருவான தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். புதுச்சேரியில் 1975-ல் தொடங்கப்பட்ட, கொசு போன்ற நோய் பரப்பும் பூச்சிகளுக்கான வி.சி.ஆர்.சி. விலங்கியல், உயிரியல் படித்தவர்களுக்கு வி.சி.ஆர்.சி-யில் பொது சுகாதாரப் பூச்சியியல் என்று இரண்டு வருட எம்.எஸ்ஸி படிப்பே இருக்கிறது. இவற்றின் இணையதளங்களில் பயிற்சி, புராஜெக்ட் பணியிட அறிவிப்புகள் வரும். தகுதி ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். மருத்துவம் படித்தவர்களுக்கு மட்டுமான பயிற்சிகளும் உண்டு. அதனால், அறிவிப்பை முழுதாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

போவதற்கு முன் வீட்டில் இருந்தே தயாராகலாம். தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் `ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ்' பாடத்தை என்.பி.டி.இ.எல் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால்தான் கட்டணம். எக்ஸெலில் பைவட் டேபிள் போடப் பழகுங்கள். போதும்.

கடிதத்துல என்ன எழுதணும்?

`எனக்கு பி.சி.ஆர் தெரியும், வெஸ்டர்ன் பிளாட் தெரியும்' என்று பட்டியல் போடாதீர்கள். அவர்களுக்கு வேண்டியது வேறு. இப்படி எழுதிப் பாருங்கள்:

`மதிப்பிற்குரிய அம்மா/ஐயா, நான் மைக்ரோபயாலஜி முதுகலைப் பட்டதாரி. குத்தாலம் வட்டாரத்தைச் சேர்ந்தவன். மழைக்கால மூன்று மாதங்களில் காய்ச்சல் கண்காணிப்புப் பணியில் உதவ விரும்புகிறேன். மாதிரி எடுத்த நாள், காய்ச்சல் தொடங்கிய நாள் இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்து, வாராந்திர வரைபடம் தயாரித்துத் தர என்னால் முடியும்.'

நாலே வரி. ஊர், காலம், வேலை, நீங்கள் தரப்போவது... எல்லாம் வந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகைதான் சரியான நேரம். சம்பா வயலில் தண்ணீர் நிற்கும், காய்ச்சலும் வரும், கை கொடுக்க ஆளும் தேவைப்படும்.

கவனிங்க... இதுல சில மேடு பள்ளமும் உண்டு

*பணம்:* பல இன்டர்ன்ஷிப்களில் உதவித்தொகை கிடையாது, அல்லது பஸ் செலவுக்குத்தான் வரும். பிறகு கிடைக்கும் வேலைகளும் ஆரம்பத்தில் புராஜெக்ட் அடிப்படையில், ஒப்பந்தமாகவே இருக்கும். வீட்டில் கடன் அடைக்க வேண்டிய நிலை என்றால், வேலையை விடாமல் விடுமுறையில் நாலு வாரம் செய்து பாருங்கள்.

*சான்றிதழ் வியாபாரம்:* `ஐயாயிரம் கட்டுங்க, பப்ளிக் ஹெல்த் இன்டர்ன்ஷிப் சர்ட்டிஃபிகேட் வாட்ஸ்அப்ல வரும்' என்று விளம்பரம் பார்த்தால், கடந்து போங்கள். ஒரு வீட்டுக் கதவைக்கூட தட்டாத சான்றிதழால் பிரயோஜனம் இல்லை.

*ரகசியம்:* யாருக்குக் காசநோய், யாருக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியவரும். அது உங்கள் ஊர். அவர்கள் உங்கள் சொந்தக்காரர்களாகவும் இருக்கலாம். டீக்கடையில் ஒரு வார்த்தை, ஸ்டேட்டஸில் ஒரு போட்டோ... ஒரு பெண்ணின் கல்யாணமே நின்றுபோகலாம். சம்மதம் கேட்காமல் ஒரு கேள்வியும் கூடாது, ஒரு படமும் கூடாது.

*வீடு:* ``எம்.எஸ்ஸி படிச்சுட்டு தொட்டியில புழு பாக்கவா போற?'' என்று அப்பா கேட்பார். கேட்கட்டும். கோபப்படாதீர்கள். கும்பகோணத்துச் சாம்பசிவன் கதையைச் சொல்லுங்கள்.

ஒருவேளை மூன்று மாதம் முடிந்ததும், `இல்ல, எனக்கு லேப்தான் பிடிச்சிருக்கு' என்று தோன்றினால்? தாராளமாகத் திரும்பிப் போங்கள். தோல்வி இல்லை. அடுத்தமுறை ஒரு மாதிரி வரும்போது, அந்த டியூப்பில் ஒட்டியிருக்கும் எண்ணுக்குப் பின்னால் சேற்றில் நின்ற ஒரு கால் இருப்பது உங்களுக்குத் தெரியும். ``காய்ச்சல் தொடங்கிய தேதி ஏன் எழுதலை?'' என்று போன் போட்டுக் கேட்பீர்கள். அந்த ஒரு போனால், தவறவிட்டிருக்கக்கூடிய ஓர் எலிக்காய்ச்சல் பிடிபடலாம்.

திரும்பிப் போகத் தோன்றவில்லையா? அப்படியென்றால், அடுத்த மழையில் அம்மா கேட்கும்போது பதில் இருக்கும். ``நம்ம தெருவுல மட்டும் ஏன்னா... வாங்கம்மா, அந்தக் கொல்லைப்பக்கம் வாய்க்காலைக் காட்டுறேன்.''